மேகத்துக்குத் தைத்த கை

ஐப்பசி பிறந்து பதினெட்டு நாளாகியும் ஒரு சொட்டு விழாத அந்த வருஷத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் தரையோடு தரையாக ஊர்ந்து வந்த ஒரு மேகம், பெட்ரோல் பங்கைத் தாண்டி, கரும்புச்சாறு வண்டியைத் தாண்டி, வைரம் பிளாட்ஸ் என்கிற ஆறு மாடிக் கட்டடத்தின் கேட்டுக்குள் நுழைந்து, திறந்திருந்த லிஃப்டில் ஏறிக்கொண்டது. காவலாளி அருளப்பன் எல்லோரையும் கேட்பது போல அதையும் எந்த வீட்டுக்கு என்று கேட்டார். பதில் வராததால், காது மந்தமானவர்களிடம் காட்டுகிற பொறுமையோடு இன்னொரு தடவை கேட்டார். அதற்குள் கதவு மூடி, லிஃப்ட் மேலே போய்விட்டது. ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது, நல்ல சாம்பல் நிறம், கீழே ஓரமெல்லாம் பழைய போர்வை மாதிரி நைந்து தொங்கியது என்று அவர் பிறகு விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

லிஃப்டை அப்போது கூப்பிட்டிருந்தது ஐந்தாம் மாடி முத்துப்பேச்சி. நாற்பத்திரண்டு வயது, சிறு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப் போய் சக்கர நாற்காலியில் இருப்பவள், அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருப்பவள். மற்றவர்களுக்கு அந்த லிஃப்ட் ஒரு வசதி, அவளுக்கு அதுதான் தெரு. கதவு திறந்ததும் உள்ளே மேகம் நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க என்று சொன்னாள், மேகம் மூலையோடு ஒதுங்கி இடம் விட்டது. கீழே வந்து சேர்வதற்குள் அவள் முழங்கால் சேலை ஈரமாகி, கரிசல் மண்ணில் முதல் மழை விழும்போது வருமே, அந்த மணம் அவள் கடை வரைக்கும் கூடவே வந்தது. அன்று தைத்த மூன்று ஜாக்கெட்டிலும் அந்த மணம் இருந்ததாக, வாங்கிப் போனவர்கள் சொன்னார்கள்.

மேகம் இறங்கவில்லை. மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது, ஒரு வாரத்தில் கட்டடத்து ஆட்களுக்கு அது பழகிவிட்டது. கதவு மூடும்போது அதன் வால் வெளியே தொங்கினால், கதவின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கே ஓடிக்கொண்டிருக்குமே, அது மறைபட்டு, யாரோ நடுவில் நிற்கிறார்கள் என்று கதவு மறுபடி திறந்துகொள்ளும். அப்போதெல்லாம் உள்ளே இருக்கிறவர்கள், முந்தானையை உள்ள எடுத்துக்கோங்க என்று மரியாதையாகச் சொல்வார்கள், அதுவும் எடுத்துக்கொள்ளும். முகப்பில் இஸ்திரி போடுகிறவர் துணிகளுக்குத் தண்ணீர் தெளிப்பதை விட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இரண்டு தடவை மேலும் கீழும் போய்வந்தார், பதமான ஈரம் ஏறியிருந்தது. தலைவலிக்காரர்கள் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். கோபமாக வீட்டை விட்டு இறங்கிய நாலாம் மாடிப் புருஷன்மார் இரண்டு பேர் தரைத்தளம் வருமுன்னே குளிர்ந்துபோய், அதே லிஃப்டில் திரும்பி ஏறிப் போனார்கள்.

சங்கடப்பட்டது குடியிருப்போர் சங்கச் செயலாளர் கனகவேல் அண்ணாச்சி ஒருவர்தான். மூன்றாம் மாடியில் இருந்த அவர் தீப்பெட்டி ஏஜெண்ட். மாதிரிப் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய், வெளியூர் வியாபாரி முன்னால் குச்சியை உரசினார், பற்றவில்லை. இன்னொன்றை உரசினார், அதுவும் பற்றவில்லை. பன்னிரண்டு குச்சிகள் உரசி முடித்த பிறகு, அந்த வியாபாரி தன் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அண்ணாச்சி படியில்தான் இறங்கினார். மேகத்தைப் பற்றிக் கேட்டால், வாடகை இல்லாமல் குடியிருக்கிற ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

அதற்குள் வேறொரு சிக்கல் ஆரம்பித்தது. எட்டுப் பேர் போகக்கூடிய லிஃப்ட் ஆறு பேருக்கே மணி அடித்தது, கதவை மூட மறுத்தது. பராமரிப்புக் கம்பெனியிலிருந்து மெக்கானிக் ஜெபராணி தூத்துக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். முப்பத்து நாலு வயது, பேண்டின் பையில் எப்போதும் ஸ்பானர், அளந்துதான் பேசுவாள். மேகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு வேலையை ஆரம்பித்தாள். லிஃப்டின் தளம் ரப்பர் மெத்தைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாரம் ஏற ஏற அது மயிரிழை மயிரிழையாக இறங்கும், அந்த இறக்கத்தை அடியில் ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும் என்று கூடி நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, இருபது கிலோ இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். இருபத்தேழு கட்டிகளைத் தாங்க வேண்டிய லிஃப்ட் பதினேழாவது கட்டிக்கே மணி அடித்தது. அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"மணி பொய் சொல்லல அண்ணாச்சி. மேகம் இப்ப மூணு ஆள் எடை இருக்கு."

அன்று சாயங்காலம் யாரோ, எட்டு நபர்கள் மட்டும் என்ற தகட்டுக்குக் கீழே, மேகம் போக ஐந்து என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள். அடுத்த வாரம் மேகம் போக நான்கு என்று எழுதினார்கள், அதற்கடுத்த வாரம் மூன்று என்று எழுதினார்கள். துவைத்த துணியின் ஈரத்தையும், குளித்து வந்தவர்கள் தலையின் ஈரத்தையும், சோற்றுப்பானை ஆவியையும் எங்கிருந்தோ இழுத்து இழுத்து அது பெருத்துக்கொண்டே வந்தது, நிறமும் சாம்பலிலிருந்து எருமை நிறத்துக்கு மாறியது. கயிறு அறுந்துவிடுமோ என்று சிலர் பயந்தார்கள். நாலு கயிறு இருக்கிறது, ஒன்றே தனியாக முழுப் பாரத்தையும் தாங்கும், நாலும் அறுந்தாலும் பெட்டி ஒரு வேகத்துக்கு மேல் ஓடினால் மேலே சுழலுகிற ஒரு சக்கரம் அதைக் கண்டுகொண்டு பிடித்து நிறுத்தும், உடனே பெட்டியின் அடியில் இருக்கிற தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும் என்று ஜெபராணி சொன்னாள். கயிற்றைப் பற்றி எனக்குப் பயமில்லை என்றாள். ஆனால் கார்த்திகை மாதம் அவள் மறுபடி வந்து, லிஃப்ட் குழிக்குள் இறங்கிப் பார்த்தபோது கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, சுவரெல்லாம் வேர்த்திருந்தது. அப்போது அவள் முகம் மாறியது.

அதே வாரம் தாளில் மேகம் போக ஒன்று என்று எழுதியாயிற்று. முத்துப்பேச்சியும் அவள் நாற்காலியும் சேர்ந்தால் ஒன்றரை ஆள். திங்கட்கிழமை காலை அவள் உள்ளே உருண்டு போனாள், மணி அடித்தது, வெளியே வந்தாள், மணி நின்றது. மறுபடி போனாள், மறுபடி அடித்தது. மேகம் தன்னால் முடிந்த மட்டும் சுருங்கிப் பார்த்தது, சுருங்கினாலும் எடை குறையவில்லை. நான்கு பேர் சேர்ந்து அவளை நாற்காலியோடு தூக்கி இறக்குவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூட நாளெல்லாம் யார் யாரோ தூக்கித் தூக்கியே போனவள் அவள், இனி யார் கையிலும் ஏறுவதில்லை என்று அந்தக் காலத்திலேயே முடிவு எடுத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கடை நாலு நாள் பூட்டிக் கிடந்தது, ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் வெட்டிப் போட்டபடி உள்ளேயே கிடந்தன.

அவள் இறங்கி வர முடியாததால் சங்கக் கூட்டம் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் வாசலில் நடந்தது. எல்லோரும் படிகளில் உட்கார்ந்தார்கள், லிஃப்டும் அந்த மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது, ஆகவே மேகமும் கூட்டத்தில் இருந்தது. ஜெபராணி விஷயத்தைச் சொன்னாள். ஏழு வாசலுக்கும் ஏழு பூட்டு. ஒரு பூட்டு சரியாக விழுந்தால்தான் கரண்ட் அடுத்த பூட்டுக்குப் போகும், ஏழும் கைகோத்து நின்றால்தான் மோட்டார் அசையும், எங்கேயாவது ஒன்று கையை விட்டால் பெட்டி நின்ற இடத்தில் நின்றுவிடும், லிஃப்ட் யாரையும் நம்பாமல் ஒவ்வொரு தடவையும் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது என்றாள். அதுவரை சாதாரணமாகப் பேசியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தண்ணி பூட்டுக்குள்ள புகுந்து, விட்டுப்போன ரெண்டு கையையும் தொட வச்சிட்டா, திறந்த கதவை மூடியிருக்குன்னு லிஃப்ட் நம்பிரும். ஒருத்தர் காலை எடுத்து வைக்கையில கிளம்பிரும். நான் அதுக்கு முன்னால நிறுத்தியாகணும்."

அடுத்த வியாழக்கிழமை அரசாங்க லிஃப்ட் இன்ஸ்பெக்டர் உரிமம் புதுப்பிக்க வருகிறார், இந்தக் குழியைப் பார்த்தால் அவரே பூட்டி சீல் வைத்துவிடுவார் என்றும் சொன்னாள். அண்ணாச்சி இதற்குத்தான் காத்திருந்தவர் போல எழுந்தார். நாலு பெரிய ஃபேன்களை வரவழைத்து வாசலைச் சுற்றி நிறுத்தி, நாலையும் உள்ளே திருப்பி முழு வேகத்தில் விட்டார். மேகம் வெளியே வரவில்லை. மூலையில் போய் ஒடுங்கியது, கறுத்தது, தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் போட்டது, தீக்குச்சி உரசினது போலச் சின்னதாக ஒரு மின்னல் அதற்குள் வெட்டியது. அந்த வெட்டில் லிஃப்டின் மாடி காட்டும் விளக்குக்கு என்னவோ ஆகி, ஐந்து என்று இருந்தது ஏழு என்று மாறியது, பிறகு எட்டு, பிறகு ஒன்பது. ஆறு மாடிக் கட்டடத்தில் ஒன்பது என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னது முத்துப்பேச்சி.

"படி ஏற முடியாதவங்கதான் அண்ணாச்சி லிஃப்டுக்கு வருவாங்க. இது மேல போகணும்னு ஏறியிருக்கு. நாம ஒரு மாசமா ஆறாம் மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போயி, கூட்டிட்டுப் போயி, திரும்பத் திரும்பக் கீழ இறக்கிக்கிட்டு இருக்கோம்."

வைரம் பிளாட்ஸில் லிஃப்ட் ஆறாம் மாடியோடு நின்றுவிடும், மொட்டைமாடிக்கு அதற்கு மேல் ஒரு வரிசைப் படி உண்டு. அந்தப் படியில் எல்லோரும் வற்றல் காயப்போட ஏறியிருக்கிறார்கள், முத்துப்பேச்சி மட்டும் குடிவந்து ஏழு வருஷத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை.

ஜெபராணி யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னாள். பெட்டியின் கூரையில் அவசரத்துக்கென்று ஒரு மூடி இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிற அந்தக் கிணற்றின் உச்சியில், மொட்டைமாடிப் பக்கமாக, காற்றுப் போக ஒரு சன்னல் இருக்கிறது. இரண்டையும் திறந்துவிட்டால் மேகம் போய்விடலாம். ஆனால் கட்டில்லாமல் போனால் ஆறாம் மாடிப் பூட்டை நனைக்கும், அதற்கு மேல் இருக்கிற மோட்டாரையும் பிரேக்கையும் நனைக்கும். இந்த மூடியிலிருந்து அந்தச் சன்னல் வரை தண்ணீர் கசியாத குழாய் ஒன்று வேண்டும், அப்படி ஒரு குழாய்க்கு நான் எங்கே போவேன் என்றாள். முத்துப்பேச்சி மேகத்தை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள், புதிதாக வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பது போல.

"குழாய்னா என்ன, ஒரு கை தானே. ஜாக்கெட்டுக்கு வைக்கிற மாதிரி. தோள்பட்டையில அகலம், மணிக்கட்டுல குறுகல். அளவு மட்டும் எடுத்துக் குடு தங்கச்சி."

நீளம் எட்டடி, மூடியின் வாய் இரண்டடிச் சதுரம், சன்னல் ஒன்றேகால் அடி. துணிக்கு அவள் குடை கேட்டாள். இருபத்து நாலு வீட்டிலிருந்தும் முப்பத்தொரு குடைகள் வந்தன, பாதிக் குடைகள் வாங்கிய நாளிலிருந்து விரிக்காதவை, அண்ணாச்சி கொண்டுவந்த குடையில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு கூட அப்படியே இருந்தது. அருளப்பன் கடையைத் திறந்து தையல் மிஷினைச் சுமந்து ஐந்து மாடி ஏறினார். இஸ்திரிக்காரர் கம்பிகளைக் கழற்றித் துணியை எடுத்துக் கொடுத்தார். ஒரு குடைக்கு எட்டு முக்கோணமாகப் பிரிந்த கறுப்பும் நீலமும் பூப்போட்டதுமான துண்டுகளை முத்துப்பேச்சி தலைகீழாகவும் நேராகவும் மாற்றி மாற்றி வைத்துத் தைத்துக்கொண்டே போனாள், ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்தாள். தையல் துளையில் தண்ணீர் கசியுமே என்று அவள் கவலைப்பட்டபோது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி இறங்கிப் போனார், ஒரு மணி நேரத்தில் தீக்குச்சிகளை முக்கி எடுக்கிற மெழுகு ஒரு வாளி நிறைய வாங்கிவந்து, உருக்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே ஒவ்வொரு தையல் மேலும் தடவினார். இரண்டு நாளில் கை முடிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெபராணி லிஃப்டின் கூரை மேல் ஏறினாள். அங்கே இருக்கிற ஒரு சாவியைத் திருப்பியதும், மாடிகளில் யார் பொத்தான் அமுக்கினாலும் லிஃப்டுக்குக் காது கேட்காது, அவள் விரலை மட்டுமே கேட்கும், அவள் அமுக்கிக்கொண்டிருக்கும் வரைதான் நகரும், விரலை எடுத்தால் நிற்கும். மேகத்தைச் சுமந்துகொண்டு பெட்டி நத்தை மாதிரி மேலே ஊர்ந்தது. கட்டடத்து ஆட்கள் எல்லோரும் மொட்டைமாடியில் சன்னலைச் சுற்றி நின்றார்கள். முத்துப்பேச்சி மட்டும் ஐந்தாம் மாடி வாசலில் இருந்தாள். கதவில் கண்ணாடி பதித்த இடத்தில் மேகம் மெதுவாக மேலேறிக் கடந்தபோது, போயிட்டு வாங்க என்றாள்.

ஆறாம் மாடிக்கு வந்ததும் ஜெபராணி மூடியைத் திறந்து கையின் அகல வாயை அதில் பொருத்தினாள், குறுகிய வாயை மேலே இருந்தவர்கள் சன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டினார்கள். மேகம் அசையவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று, வா வா என்று மேலேயிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போது ஊரில் வழக்கமாகப் போகிற நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. மோட்டார் அறையில் டக் என்று பிரேக் விழுந்தது. கரண்ட் இருந்தால்தான் பிரேக் திறந்திருக்கும், இல்லாதபோது ஸ்பிரிங்குகளே சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்ததால் ஜெபராணி பயப்படாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பிரேக் விழுந்த அதே நொடியில் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த சின்ன ஃபேனும் நின்றது. ஒரு மாதமாக இரவும் பகலும் மேகத்தின் உச்சந்தலையில் காற்றை அடித்து அதைக் கீழேயே அமுக்கி வைத்திருந்தது அந்த ஃபேன்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. கிணற்றுக்குள் மத்தியான வெக்கை மேலே எழும்பியது. தைத்த கை மெல்ல உப்பியது, தோள்பட்டை நிறைந்தது, முழங்கை நிறைந்தது, அவள் கன்னத்தின் பக்கமாக எதுவோ குளிர்ச்சியாக ஏறிப் போனது. கடைசியில் அவள் உட்கார்ந்திருந்த பெட்டி, பாரம் நீங்கி, ஒரு விரல்கடை அளவு தானாக மேலே எழும்பி நின்றது.

மொட்டைமாடியில் அது முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவது போல வந்தது, சுருண்டு சுருண்டு தண்ணீர்த் தொட்டி மேல் குவிந்தது, தொட்டியை மறைத்தது, மாடியை மறைத்தது, பிறகு யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் எழுந்து, உயர்ந்து, ஊர் முழுக்க விரிந்து நின்றது. பத்து நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு பெய்தது. ஒன்றரை மணி நேரம் பெய்தது. குடையெல்லாம் கையாகிவிட்டதால் வைரம் பிளாட்ஸில் பிடிக்க ஒரு குடை இல்லை, யாரும் தேடவும் இல்லை.

ஐந்தாம் மாடியில் முத்துப்பேச்சி மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மொட்டைமாடிக் கதவு வழியாகத் தண்ணீர் படி படியாக இறங்கி வந்து அவள் சக்கரத்தைத் தொட்டது. அதன் பின்னாலேயே ஒவ்வொருவராக இறங்கி வந்து, புகை மாதிரி போச்சு என்றும், யானை மாதிரி போச்சு என்றும், போகும்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு என்றும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியாக அண்ணாச்சி சொட்டச் சொட்ட வந்தார்.

"ஒரு தையல் கூடப் பிரியலம்மா," என்றார். "நீங்க பாத்திருக்கணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் சிரித்தபடி, மேலே போகும்போது அது என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டாள். அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார், படியிறங்கிப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது குழி காய்ந்திருந்தது, பூட்டுகளையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். அவர் வேகம் பார்க்கிற சக்கரத்தைக் கையால் தட்டிவிட்டு, தாடைகள் தண்டவாளத்தைக் கவ்வி நிற்பதைப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டி, உரிமத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று காலையிலேயே முத்துப்பேச்சி கீழே இறங்கிக் கடையைத் திறந்து, கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளை முடிக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்து, லிஃப்ட் மொட்டைமாடி வரை போக வேண்டும் என்று ஒரே வரியில் ஒரு தீர்மானம் வாசித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேலை சித்திரை வரை இழுத்தது. மோட்டார் அறையை ஒரு மாடி உயரம் தூக்கிக் கட்டினார்கள், தண்டவாளத்தை நீட்டினார்கள், நாலு கயிற்றையும் புதிதாகப் போட்டார்கள், ஏழு பூட்டோடு எட்டாவது பூட்டும் கைகோத்துக்கொண்டது. ஜெபராணி இரும்புக் கட்டிகளை ஏற்றி மூன்று நாள் ஓட்டிப் பார்த்தாள். நாலாம் நாள் காலை ஐந்தாம் மாடிக்கு வந்து, ஏழாம் நம்பரை அமுக்குங்கக்கா என்றாள்.

லிஃப்ட் நின்ற இடம் மாடித் தளத்தோடு மட்டமாக இருந்தது, சக்கரம் தடுக்கவில்லை. முத்துப்பேச்சி வெயிலுக்குள் உருண்டு போனாள். கைப்பிடிச் சுவர் வரை போய், ரயில் தண்டவாளத்தையும், கோவில் கோபுரத்தையும், தீப்பெட்டி ஆபீஸ் கூரைகளையும், அவற்றுக்கு அப்பால் உழுது போட்ட கரிசலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், தன் கடை வாசலை மேலிருந்து அடையாளம் கண்டுபிடித்தாள். முந்தின நாள்தான் கோடை மழை பெய்திருந்தது, வானத்தில் பத்துப் பன்னிரண்டு மேகங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. அதில் நம்ம ஆள் எது அக்கா என்று ஜெபராணி கேட்டாள். முத்துப்பேச்சி நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஒருதடவை அளவு எடுத்த ஆளை நான் மறக்க மாட்டேன்," என்றாள். "ஆனா இத்தனை மாசத்துல உடம்பு மாறியிருக்கும்ல."

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, எல்லா மேகத்துக்கும் கையை ஆட்டினாள்.